கடைசிப் படகுக்குப் பிறகு தொடங்குகிற நாடகம்



தீவகத்துப் பெற்றோருக்கும், எங்களோடு கூடப் படிப்பிக்கிற சேர்மார் ரீச்சர்மாருக்கும், யாழ்ப்பாண நகரத்தில் நாடகம் போடுகிற நண்பர்களுக்கும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கோ. வாசிச்ச பிறகு கோபம் வந்தால் கோபப்படுங்கோ, பரவாயில்லை.

அடுத்த வருசத்துக்கான நாடகங்களைத் தெரிவு செய்கிற காலம் இது. தவக்காலத்துக்குத் திருப்பாடுகளின் நாடகம் வரும். மார்ச் 27 உலக நாடக தினம். பிறகு கோயில் திருவிழாக்கள் தொடங்க இசை நாடகம், கூத்து. பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ்மொழித் தினப் போட்டி. எந்தக் கதை, ஆர் அரிச்சந்திரன், ஆர் சந்திரமதி, ஆர் மத்தளம், ஆர் ஆர்மோனியம் என்றெல்லாம் இப்பவே பேச்சு நடக்குது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று மட்டும் ஒருவரும் வாதாடுவதில்லை. அது எப்பவோ முடிவாகிவிட்ட விசயம் மாதிரி. நகரத்தில் ஒரு மண்டபம், பின்நேரம் ஆறரை மணி.

ஆறரைக்குத் தொடங்கும் நாடகம் தீவுக்காரருக்கான நாடகம் இல்லை. எங்கட வழக்கு இதுதான்.

நகரத்தில் இருப்பவர்களுக்குத் தீவகம் என்றால் பண்ணைப் பாலம் தாண்டி வருகிற ஒரு நீளமான தெரு. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரைக்கும் அது சரி. காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம் இருக்கு. மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர் இரவு ஒன்பது மணிக்கும் வீடு போய்ச் சேரலாம். பஸ்ஸை நம்பியவர் பாடு வேறு. ஆனால் நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு இந்த நாலுக்கும் பாலம் இல்லை. குறிகட்டுவானில் ஏறினால் நயினாதீவு கால் மணித்தியாலம், கொஞ்சம் கூடவும் எடுக்கும். நெடுந்தீவு ஒரு மணித்தியாலம், காற்றடித்தால் அதுக்கும் மேலே. பொழுதுபட முதலே படகுச் சேவை முடிந்துவிடும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவான் வர ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ. நகரத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்திலேயே நெடுந்தீவான் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

ஒன்றரை மணித்தியால நாடகம் பார்க்க ஒரு குடும்பம் நகரத்தில் இரவு தங்க வேண்டும். சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கலாம். இல்லாவிட்டால் அறை எடுக்க வேண்டும். நாலு மணிக்கு வலை இழுக்கப் போகிற தகப்பன் அதுக்கு வருவாரா? மூன்று பிள்ளைகளைத் தனியே பார்க்கிற தாய்? இரவில் கடலைக் கடப்பது எங்கட சனத்துக்குச் சும்மா விசயமும் இல்லை. 1985 மே 15 குமுதினிப் படகில் நடந்ததை நெடுந்தீவில் ஒவ்வொரு வருசமும் விளக்கேற்றி நினைக்கிறார்கள். அது பட்டப்பகலில் நடந்தது. கடல் என்றால் இந்தச் சனத்தின் மனதில் என்னென்ன எழும்பும் என்று விளங்கிக்கொள்ள இதைச் சொன்னோம்.

எங்கட வகுப்பறைக்கு வாங்கோ. சாதாரண தரத்துக்கு 'நாடகமும் அரங்கியலும்' எடுக்கிற பிள்ளைகள் தீவகத்துப் பள்ளிக்கூடங்களில் இருக்கிறார்கள். படச்சட்ட மேடை என்றால் என்ன, வட்டக்களரி என்றால் என்ன, இரண்டுக்கும் வித்தியாசம் எழுதுக என்றால் எழுதுவார்கள். ஒளியமைப்பின் பயன்கள் ஐந்து சொல்லு என்றால் ஐந்தும் சொல்வார்கள். வடமோடி, தென்மோடி, வசந்தன், காத்தவராயன் என்று வரிசையாக வரும். அந்தப் பிள்ளைகளில் பலர் ஒரு முழு நாடகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் நேரில் பார்த்ததில்லை. நீச்சல் என்றால் என்ன என்று கரையில் இருந்து கட்டுரை எழுதிச் சித்தி எடுக்கிறார்கள். எங்கட பிள்ளைகள் கெட்டிக்காரர், பாஸ் பண்ணிவிடுவார்கள். அதில்தான் எங்களுக்கு எரிச்சல்.

ஒருமுறை நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு ஒரு நாடகம் பார்க்கப் போனோம். நாலு மணிக்குத் தொடங்கும் என்றார்கள். பிரமுகர் வரப் பிந்தியது. பிறகு மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை. அதுக்குப் பிறகு சிறப்புரை. நாடகத்தின் முதல் காட்சி முடியவில்லை, நாங்கள் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர்கள் பெயரும் இங்கே தேவையில்லை. எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். பொன்னாடைக்கு ஒதுக்கிய நேரத்தை நாடகத்துக்கு விட்டிருந்தால் இருபது பிள்ளைகள் ஒரு நாடகம் பார்த்திருப்பார்கள். அந்தப் பொன்னாடை ஆருக்கு வேணும்?

"முந்தியும் இரவில்தானே கூத்து ஆடினார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஓம், இரவில்தான். ஆனால் விடிய விடிய ஆடினார்கள். இதை யோசித்துப் பார்த்தால் பெரிய சூட்சுமம் இருக்கு. பொழுதுபட்டு வந்த ஆள் பாயை விரித்து, பிள்ளையை மடியில் கிடத்தி, கடலை கொறித்து, இடையில் ஒரு நித்திரை போட்டு, விடியற்பறம் மங்களம் பாட எழும்பி முதல் வள்ளத்தில் வீடு போவான். படுக்கிற பாயும் பார்க்கிற இடமும் ஒன்றாக இருந்தது. அறை எடுக்கத் தேவை வரவில்லை. பழைய கூத்தின் நீளத்தை நாங்கள் பொறுமையின் அடையாளமாக, பக்தியின் அடையாளமாகப் பார்க்கிறோம். அது போக்குவரத்துக்கு ஏற்ற ஒழுங்கும்தான். இரவில் வழியில்லாத ஊர்களுக்கு விடிய விடிய ஆடுவது வசதி. கூத்தைச் சுருக்கி ஒன்றரை மணித்தியாலம் ஆக்கியது நல்ல காரியம், அதை நாங்கள் மறுக்கவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்தைச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுவந்திருக்காவிட்டால் இன்றைக்குப் படித்த சனம் கூத்துப் பக்கம் திரும்பியிருக்காது. ஆனால் நாடகத்தைச் சுருக்கினவர்கள் தொடங்குகிற நேரத்தை அப்படியே இரவில் விட்டுவிட்டார்கள். விளைவு, எட்டு மணிக்கு மண்டபத்து வாசலில் ஒரு தீவுக்காரன் நிற்பான். நாடகமும் முடிஞ்சுது, படகும் போச்சு, விடிய இன்னும் பத்து மணித்தியாலம் கிடக்கு.

இனி இடத்தின் கதை. இது நேரத்தை விடச் சிக்கலானது.

எங்கட பகுதியில் நாடகம் கோயில் வீதியில் நடக்கும், அல்லது மாதா கோயில் முற்றத்தில் நடக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை. கலையை வளர்த்ததே அந்த முற்றங்கள்தான். காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து, 1989இல் மறையும்வரை, மயான காண்டத்தைக் கோயில் கோயிலாகக் கொண்டுபோனவர். மெலிஞ்சிமுனை மாதிரி ஒரு சின்னக் கரையோரக் கிராமத்தில் தென்மோடிக் கூத்து உயிரோடு இருக்கிறதென்றால் அந்தத் தேவாலயமும் அந்தக் கடற்றொழிலாளர் குடும்பங்களும் அண்ணாவிமாரும்தான் காரணம். அதை நாங்கள் மதிக்கிறோம்.

ஆனால் முற்றம் என்றால் ஒரு வேலியும் உண்டு. ஆர் உள்ளே இருந்து பார்ப்பது, ஆர் வெளியே நின்று எட்டிப் பார்ப்பது என்பது யாழ்ப்பாணத்தில் எப்பவும் பெரிய கேள்வி. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதையொட்டி என்.கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தான் கூத்துப் பாணியில் ஊர் ஊராக ஆடினார்கள். கோயிலுக்குள் விடப்படாத சனத்தின் கதையைக் கோயிலுக்கு வெளியே, எல்லாரும் நிற்கக்கூடிய இடத்தில் ஆடினார்கள். மேடை நிற்கிற இடமும் நாடகத்தின் ஒரு பகுதி என்று அந்த ஆட்கள் விளங்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அரங்கியல் பாடப்புத்தகம் இல்லை.

எங்கட சோனகப் பிள்ளைகளும் வேலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ஆரும் எங்களைத் துரத்தவில்லை. "வாங்கோ, இருங்கோ" என்றுதான் சொல்வார்கள், கதிரையும் தருவார்கள். ஆனால் கோயில் வீதியில் பூசை முடிந்து நாடகம் தொடங்கும்போது ஒரு முஸ்லிம் பிள்ளை அங்கே எந்த முறையில் இருக்கும்? விருந்தாளியாக இருக்கும். விருந்தாளிக்கு மரியாதை உண்டு, உரிமை இல்லை. அதே நாடகம் அரசாங்கப் பள்ளிக்கூட மண்டபத்தில், இல்லாவிட்டால் ஊர் விளையாட்டு மைதானத்தில் நடந்தால் அந்தப் பிள்ளை தன் இடத்தில் இருக்கும்.

திருப்பாடுகளின் நாடகத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் இத்தனை யுத்தம், இடப்பெயர்வுக்குள்ளும் அந்த மரபைக் கைவிடவில்லை. அடிகளார் 2021இல் மறைந்த பிறகும் அது நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய மேடையை, நூற்றுக்கணக்கான ஆட்களை ஒழுங்காக நடத்துவதென்றால் என்ன என்று பார்க்க விரும்புகிறவர் அதைப் பார்க்க வேண்டும். எங்களுக்கோ நபிமாரை வேடம் கட்டிக் காட்டுவது வழக்கமில்லை. ஈஸா அலைஹிஸ்ஸலாம் எங்களுக்கும் நபி. சிலுவையைப் பற்றி எங்கட நம்பிக்கை வேறு. ஆகவே எங்களுக்காக அதில் ஒரு சொல்லையும் மாற்றுங்கோ என்று நாங்கள் கேட்கமாட்டோம். அப்படிக் கேட்பது அசிங்கம். அது அவர்களுடைய வணக்கம். நாங்கள் கேட்பது வருசத்தில் மிச்சம் நடக்கிற நாடகங்களைப் பற்றி. சிறுவர் நாடகம், சமூக நாடகம், இசை நாடகம், நவீன நாடகம்.

அதிலும் வருகிற வருசம் ஒரு சிக்கல் இருக்கு, ஒரு வாய்ப்பும் இருக்கு. 2027இல் விபூதிப் புதன் பெப்ரவரி 10. எங்கட நோன்பும் பிறை பார்த்து அந்தக் கிழமையில்தான் தொடங்கும். போன தடவையும், 2026இல், இப்படித்தான் இரண்டும் ஒன்றாக வந்தது. இரண்டு சமூகமும் ஒரே நாட்களில் வயிற்றைக் கட்டிக்கொண்டு இருக்கும். ஆறரை மணி நாடகம் என்றால் நாங்கள் நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம். பிறகு மஃரிப், இஷா, தராவீஹ். பெப்ரவரியில் நடக்கிற எந்த மாலை நிகழ்ச்சிக்கும் ஒரு முஸ்லிம் குடும்பம் வரப்போவதில்லை. ஒழுங்கு செய்கிற ஒருவர் நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தால் இது தெரியும். பார்ப்பதில்லை. பிறகு "முஸ்லிம் ஆட்கள் நாடகத்துக்கு வாறதில்லை" என்று ஒரு பேச்சு.

இந்த இடத்தில் எங்கட சனத்துக்கும் ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நகரத்தாரை மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நியாயமில்லை. "நாடகம், கூத்து எல்லாம் எங்களுக்கு ஆகாது, பிள்ளையை அந்தப் பாடத்தில் இருந்து எடுத்துவிடுங்கோ" என்று வாப்பாமார் வந்து சொல்கிறார்கள். அவர்களோடு மார்க்கம் பேச நாங்கள் ஆலிம்கள் இல்லை. ஆனால் அதே வீட்டில் மஃரிப் முடிஞ்ச கையோடு இந்தியத் தொடர் நாடகம் ஓடுது. மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைக்கிற கதையைப் பிள்ளையும் உம்மாவும் சேர்ந்து பார்க்கிறார்கள். அது ஆகுமாம், பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு நல்ல கதையைச் சொன்னால் ஆகாதாம். அண்ணன் தம்பிமாரே, இதைக் கொஞ்சம் யோசியுங்கோ. எது கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்தானே நாங்கள். பெண்பிள்ளை மேடையேறுவதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அதை வந்து எங்களோடு பேசுங்கோ, உடுப்பைப் பற்றி, நேரத்தைப் பற்றி ஒரு வழி காணலாம். பாடத்தையே வெட்டிவிடுவது வழியில்லை.

நாடகத்துக்கும் எங்களுக்கும் தொடர்பே இல்லை என்பதும் பொய். 'அலிபாதுஷா நாடகம்' என்று ஒரு பழைய தமிழ் நாடகம் இருக்கிறது, பெயரே சொல்லும். இசை நாடகத்தில் பாடுகிற இந்துஸ்தானி மெட்டுகள் பார்சி நாடகக் கம்பனிகள் பம்பாயிலிருந்து ஊர் ஊராகக் கொண்டு திரிந்தவை. அந்தக் கம்பனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொழும்புக்கும் வந்தன. சிங்களவரின் நூர்த்தி நாடகமும் அங்கேயிருந்துதான் மெட்டு எடுத்தது. அரிச்சந்திரன் பாட்டில் உருது வாசம் அடிக்கிறது என்றால் கோபிக்காதையுங்கோ, கேட்டுப் பாருங்கோ. கொழும்பில் தமிழ் நவீன நாடகம் தலையெடுத்த காலத்தில் தாசீசியஸ், நா. சுந்தரலிங்கம் என்று பெயர்களை எண்ணும்போது அதே வரிசையில் எண்ணப்படுகிறவர் சுஹைர் ஹமீட்.

எங்களுக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் மஹாகவியின் 'புதியதொரு வீடு'. அளவெட்டிக் கவிஞர் மஹாகவி, 1971இல் மறைந்தவர், மீன்பிடிக் கிராமத்தை வைத்து எழுதிய பா நாடகம். கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. செத்துவிட்டான் என்று ஊர் நம்புகிறது. அவன் மனைவி அவனுடைய தம்பியை மணக்கிறாள். பிறகு ஒருநாள் அவன் வந்து நிற்கிறான். இதைத் தாசீசியஸ் மேடையேற்றினார். மஹாகவியின் எழுத்துகளைத் தேடிப் பதிப்பித்துக் காத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எம்.ஏ. நுஃமான், கல்முனைப் பக்கத்து முஸ்லிம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். ஒரு சைவக் கவிஞன் எழுதி, ஒரு கத்தோலிக்க நெறியாளர் ஆட்டுவித்து, ஒரு முஸ்லிம் ஆசிரியர் பாதுகாத்த நாடகம். அதில் வருகிற கடலும் குடிசையும் காத்திருப்பும் எங்கட ஊரில் தினமும் இருக்கு. கடலில் போன ஆள் வராத வீடுகள் நெடுந்தீவிலும் இருக்கு, அனலைதீவிலும் இருக்கு. எங்கட பிள்ளைகள் இதைத் தங்கட கரையில் பார்க்க வேண்டும் என்று கேட்பது பேராசையா?

1990ஐப் பற்றிப் பேசாமல் போனால் நாங்கள் எழுதியது அரைவாசி. 1990 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்துப் புலிகள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். வடக்கு முழுவதும் 70,000க்கு மேற்பட்ட சனம், கையில் ஒன்றுமில்லாமல் போனது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அதே வருசம் இராணுவம் தீவுப்பகுதிக்கு வந்தபோது தீவகத்துத் தமிழ்ச் சனத்தில் பெரும்பகுதியும் வீடுவாசலை விட்டு ஓடியது. இரண்டு சனமும் ஒரே வருசத்தில் வீட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஊரில் நின்றது. இடப்பெயர்வைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ நாடகம் வந்திருக்கு, நல்ல நாடகங்கள். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போய்ச் சனத்தை அழவைத்தது. அந்த மரபில் வந்தவர்களிடம்தான் இதைக் கேட்கிறோம். எங்கட திறப்பும் ஒருநாள் உங்கட மேடைக்கு வரட்டும். தீவகத்து மேடையில், இரண்டு சனத்தின் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்க்கிற மாதிரி, இதுவரை எங்கட கண்ணுக்கு அது படவில்லை. ஆரையும் குற்றக் கூண்டில் ஏற்றுகிற நாடகம் எங்களுக்கு வேண்டாம். வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை எங்களிடம் கேட்டது: "சேர், உங்கட ஆக்கள் ஏன் புத்தளத்தில இருக்கினம்?" உண்மையிலேயே தெரியாமல் கேட்டது. பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அதை வீட்டிலும் சொல்லவில்லை, புத்தகத்திலும் சொல்லவில்லை. மேடை சொல்லலாம். மேடைக்குத்தான் அது சுலபம்.

"தீவுக்குப் போனால் சனம் வராது" என்பார்கள். திருவிழாக் காலத்தில் நயினாதீவுக்கு எத்தனை ஆயிரம் சனம் படகேறுது என்று குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பாருங்கோ. கடல் சனத்தைத் தடுப்பதில்லை, நேரம்தான் தடுக்குது.

"மேடை இல்லை, லைற் இல்லை" என்பார்கள். கூத்துக்கு வட்டக்களரி போதும். பகலில் ஆடினால் லைற்றே தேவையில்லை. சண்முகலிங்கம் சேர் பிள்ளைகளுக்காக எழுதிய 'கூடி விளையாடு பாப்பா'வுக்கு என்ன பெரிய மேடை வேணும்? 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, ஒரு தலைமுறை நடிகரையே பழக்கிவிட்ட மனிசன். 2025 ஜனவரியில் மறைந்தபோது நகரத்தில் எத்தனையோ அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அவர் பெயரில் இன்னொரு நினைவுப் பேருரை வைப்பதை விட அந்த நாடகத்தை நெடுந்தீவில் ஒரு பகல் போடுங்கோ.

"செலவு" என்பார்கள். அது உண்மையான கஷ்டம். படகு வாடகை, இருபது பேருக்குச் சாப்பாடு, மத்தளம் ஆர்மோனியம் நனையாமல் கொண்டுவருவது. நாடகக்காரர் ஒருவரும் பணக்காரர் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் இப்போது அந்தச் செலவு நடக்காமல் இல்லை. தீவுக்காரன் தன் சட்டைப்பையில் இருந்து அதைக் கொடுக்கிறான், இல்லாவிட்டால் நாடகமே பார்க்காமல் விடுகிறான். இருபது நடிகர் ஒருநாள் கடல் கடப்பது மலிவா, ஐந்நூறு சனம் கடப்பது மலிவா? கணக்குப் படிப்பிக்கிற சேர்மார் எங்கட பள்ளிக்கூடத்தில் இருக்கினம், வேணுமென்றால் போட்டுத் தருவார்கள்.

நாங்கள் கேட்பது இது. 2027இல் எங்கட பெருநாள் மார்ச் 10ஐ ஒட்டி வரும். பெரிய வெள்ளி மார்ச் 26. இடையில் ஒரு கிழமைக்கு மேல் இருக்கு. நோன்பும் முடிந்துவிடும், பரிசுத்த வாரமும் தொடங்கியிராது. வாடைக் காற்று அடங்கிவிடும், சோளகம் இன்னும் தொடங்காது, கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மார்ச் 13 சனிக்கிழமை. அன்றைக்கு ஒரு குழு, ஒரே ஒரு குழு, நகரத்தில் போடப்போகிற நாடகத்தை முதலில் இங்கே கொண்டுவாங்கோ. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மத்தியானத்துக்கு முதல் முடியும். கோயில் வீதியிலும் வேண்டாம், பள்ளிவாசல் முற்றத்திலும் வேண்டாம், பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமர நிழலில். பிரமுகர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ளுஹர் தொழுகைக்கு அரை மணித்தியாலம் விட்டுவிட்டு, பிறகு நடிகர்கள் எங்கட பிள்ளைகளோடு இருந்து, எப்படி ஆடினோம், ஏன் அப்படி ஆடினோம் என்று கதையுங்கோ. அந்த ஒரு மணித்தியாலம் எங்கட ஒரு தவணைப் பாடத்துக்குச் சமம்.

அதிபர்மாரிடம் மைதானத்துக்கு நாங்கள் கதைக்கிறோம். பெற்றோரிடமும் நாங்கள் கதைக்கிறோம், மேலே சொன்ன வாப்பாமார் உட்பட. இருபது பேருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கட வீடுகளில் சமைப்போம். மீன் குழம்பும் சோறும், மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சட்டி. குறிகட்டுவானுக்கு எட்டரைக்கு முதல் வந்துவிடுங்கோ. மத்தளத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் மேலே போட ஒரு படங்குத் துண்டு கொண்டுவாங்கோ, தண்ணி தெறிக்கும். நாலு மணிக்கு முதல் உங்களைத் திருப்பிப் படகேற்றி விடுகிறோம்.